நிலம்தான் சாரே

"அம்மா, நம்ம வீடு நிலத்துலயா, புரயிடத்துலயா?" என்று ஆர்ஷா மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது கேட்டாள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் அன்று கற்றுவந்த சொற்கள். செல்லபாய் துணி அலசிக்கொண்டே, "நிலத்துலதான் மக்களே, பின்ன ஆகாசத்துலயா?" என்று சிரித்தாள்.

அந்த வருஷம்தான் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் இடங்களைக் குறித்துப்போக ஓர் அலுவலர் வந்தார். வேலிக்கு வெளியே நின்று, "இது நிலமாணோ?" என்றார். "நிலம்தான் சாரே" என்றாள் செல்லபாய். ஆபீஸ் மலையாளத்தில் நிலம் என்றால் நெல்வயல், வீட்டு மனைக்குத்தான் புரயிடம் என்பது அவளுக்குத் தெரியாது.

இப்போது ஆர்ஷா கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். செல்லபாயின் கணவர் சுவாமிதாஸுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கக்கூஸ் படி இறங்கி முற்றத்தின் கோடியில் இருக்கிறது. அறையை ஒட்டி ஒன்று கட்டலாம் என்று விண்ணப்பித்தால், வயலில் கட்ட அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

அரசாங்க விண்ணப்பங்களை அனுப்பித்தரும் அக்ஷயா மையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஷெமி அரசாங்கத்தின் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். வீடு இருந்த இடத்தில் வயலின் பச்சை.

"இத ஆரு வேணும்னாலும் பாக்கலாம் அம்மச்சி. துபாயில இருந்தும் பாக்கலாம்."

"பாக்கலாம், செரி. மாத்தலாமா?"

"அது நம்மளால பற்றாது."

வீட்டில் சொன்னபோது சுவாமிதாஸ் குழறலாகச் சிரித்தார். "எட்டீ, துபாய்க்காரன் நம்ம வீட்டப் பாக்கானாம். எனக்குக் கக்கூசுக்குப் போக வழியில்ல." பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி தூக்கிச் சுமக்கக் கூடாதென்று மதியத்துக்குமேல் அவர் தண்ணீர் குடிப்பதில்லை. அவள் தம்ளரை நீட்டுவாள். அவர் தாகமில்லை என்பார். இருவருக்கும் அது பொய்யென்று தெரியும்.

அடுத்த வாரம் ஷெமியே கூப்பிட்டனுப்பினாள். பழைய செயற்கைக்கோள் படங்களையும் இப்போது எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்களாம். வயலில் கட்டக் கூடாதென்ற சட்டம் வருவதற்கு முந்தைய ஒரு படத்தில், கூரையை ஒட்டி உருண்டையாக ஒரு கரும்பச்சை.

"இது எந்தா?"

"எங்க சக்க மரமாக்கும்."

"வயலுக்க நடுவுல சக்க மரம் நிக்குமா? இதச் சேத்து அனுப்புவோம் அம்மச்சி. எப்பம் முடிவு வரும்னு மட்டும் கேக்காதீங்க."

அந்தப் பலாமரம் என்றோ விழுந்திருக்க வேண்டியது. இலையெல்லாம் அடுத்த வீட்டுச் சற்குணத்தின் கிணற்றில்தான் விழும். சண்டை வேண்டாமென்று சுவாமிதாஸ் வெட்ட ஆள் கூட்டிவந்தபோது, "நிக்கட்டும் அண்ணாச்சி. இலதானே, நான் கோரிக்கிடுதேன்" என்று தடுத்தவர் சற்குணம். சாகும்வரை காலைதோறும் கோரினார். யாரும் அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. இப்போது அவர் மனைவி பிரிஸில்லா மட்டும் அந்தக் கிணற்றில் இறைக்கிறாள், இலைகளை ஒதுக்கி ஒதுக்கி.

ஞாயிற்றுக்கிழமை தெருவே ஆராதனைக்குப் போயிருந்தது. கோயிலிலிருந்து பாட்டு கேட்டது. சுவாமிதாஸ் தூங்கிவிட்டார். செல்லபாய் வேலியிடுக்கு வழியாக நுழைந்து, கிணற்றடியில் சாத்தியிருந்த சற்குணத்தின் வலைக்கம்பை எடுத்தாள். இலைகளைக் கோரிக் கோரி வெளியே கொட்டினாள். வெகுநேரம் கழித்துத் தண்ணீரில் ஆகாசம் தெரிந்தது.

மேலிருந்து ஓர் இலை சுழன்று அதில் விழுந்தது. அவள் மறுபடியும் கம்பை இறக்கினாள்.