உள்ளே விட்ட இரண்டு அங்குலம்

"அக்கா, உங்களைத் தொட்டா எனக்கும் ஒட்டிக்குமா?"

ஒரு கல்யாண வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை ராமாத்தாளிடம் இப்படிக் கேட்டது. அப்போது அவளுக்கு இருபது வயது. முகத்திலும் கைகளிலும் வெண்படை. குழந்தை மறந்திருக்கும். ராமாத்தாள்தான் அதைத் தினமும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள், இனி வீடு திரும்புவதில்லை என்ற முடிவோடு அன்னூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண், "ஏனுங் அம்மணி, இவனைச் சித்த வெச்சுக்குங்க, தண்ணி புடிச்சுட்டு வாரேன்" என்று கைக்குழந்தையை அவள் மடியில் விட்டுப் போனாள். குழந்தை அவளுடைய வெள்ளை விரலைப் பிடித்தபடியே தூங்கிவிட்டது. அன்று மாலை ராமாத்தாள் வீட்டுக்குத் திரும்பினாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1995இல், போத்தனூரில் அவளுடைய தையல் கடைக்கு, வழக்கமாக அங்கே தைக்கும் இளம்பெண் ஹுமேரா சுடிதாருக்கு அளவு கொடுக்க வந்தாள்.

"உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டுத் தையுங்கக்கா. நான் ஊதிட்டேதான் போவேன்." எப்போது வந்தாலும் அவள் சொல்வது இதுதான். பிறர் சிரிக்குமுன் தானே சிரித்துவிடுவாள்.

அன்று அதைச் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. "உள்ள துணி விட வேண்டாங்கக்கா. வெள்ளிக்கிழமை எங்க அக்கா நிக்காஹ்வுக்கு மட்டும் இருந்தாப் போதும்."

"அப்புறம்?"

"அப்புறம் எதுக்குங்கக்கா?"

அவ்வளவு அமைதியாகச் சொன்னாள். ராமாத்தாளின் கையிலிருந்து டேப் நழுவியது. அந்த அமைதி அவளுக்குத் தெரிந்ததுதான்; பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த அன்று அவளுக்குள்ளும் இருந்தது. கேட்டால் தூண்டிவிட்டது போல் ஆகிவிடுமோ? கேட்காமல் விட்டு வெள்ளிக்கிழமை கடந்துவிட்டால்? ஆண்டவனே, எனக்கு வாயைக் கொடு.

"கண்ணு, செத்துப்போயிரலாம்னு நெனைக்கிறியா?"

ஹுமேரா ஆமென்று தலையசைத்தாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க, 'பொண்ணுக்கு ரெண்டு நாற்காலியாப் போடுங்க'ன்னு சிரிச்சாங்க. அதுகூடப் பரவால்லக்கா. கண்ணாடி முன்னால நானே என்னை அதைவிடக் கேவலமாத் திட்டறேன். நிறுத்த முடியலீங்க."

தொட்டிலில் ராமாத்தாளின் எட்டு மாதக் குழந்தை அழுதது. அவள் அதைத் தூக்கி ஹுமேராவின் மடியில் வைத்தாள். குழந்தை, ஹுமேரா வெறுத்த அந்த வயிற்றிலேயே கன்னத்தைச் சாய்த்து அழுகையை நிறுத்தியது.

"இரு கண்ணு, கடையைச் சாத்திப்போட்டு வாரேன். உங்கம்மாகிட்ட ரெண்டு பேரும் போய்ச் சொல்லலாம். நாளைக்கு டாக்டர்கிட்டயும் நான் வாரேன்."

"அம்மா திட்டுங்கக்கா."

"என்னையும் சேத்துத் திட்டட்டும்."

அம்மா திட்டவில்லை. கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மகளின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

டாக்டரைப் பார்த்த பிறகும் ராமாத்தாளுக்குப் பயம் போகவில்லை. பட்டன் காட்டவேண்டும், கழுத்து அளவு சரிபார்க்கவேண்டும் என்று தினமும் ஒரு சாக்குச் சொல்லி அந்த வீட்டுக்குப் போய்வந்தாள். கதவைத் திறப்பது ஹுமேராதான் என்று கண்ட பிறகே மூச்சு வந்தது.

வியாழக்கிழமை மதியம் கடையில் யாரும் இல்லை. பேர்கூடக் கேட்காமல் விட்டுவிட்ட அந்த பஸ் ஸ்டாண்டுப் பெண்ணை நினைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். ஹுமேராவின் சுடிதாருக்கு உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டு, பக்கத் தையலைப் போட்டாள்.