குழாயில் காயும் சட்டை

1

இந்தக் கதை ஒரு சட்டையிலிருந்து வந்தது. எண்ணெய்க் குழாயோரம் புல் வெட்டிக்கொண்டு வரும்போது பார்த்தேன், நீலச் சட்டை, குழாய்மேல் விரித்துக் கிடந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் துணியை அங்கேதான் போடுவோம். உள்ளே ஓடும் கச்சா எண்ணெய் சூடு. மழை விடாத காட்டில் வேறு எதில் காயும்?

இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தேன். சட்டை மொடமொடவென்று காய்ந்து அங்கேயே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

சட்டைக்கு ஓர் ஆள் வேண்டுமே. அப்படித்தான் ருஃபினோ தங்கிலா வந்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இந்த மாகாணத்தின் எண்ணெய் மலையேறிக் கடலுக்குப் போகிறது. அதன் பின்னால் சாலை போகிறது, சாலையின் பின்னால் வீடுகள்.' பள்ளிப் பாடம் மாதிரி இருந்தது. அடிக்க மனம் வரவில்லை, கிடக்கட்டும்.

அடுத்தது: 'பனி மூடிய சான் மிகேல் ஆறு ஒரு கனவைப் போல' – வேண்டாம். ஆறு ஆறு மாதிரிதான் இருக்கும்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ருஃபினோ எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தான். கிணறு வற்றியதும் வேலை போயிற்று. இப்போது சமையல் வாயு உருளைகளைப் படகில் ஏற்றி அந்த ஆற்றின் அக்கரைக்குக் கடத்துகிறான். இக்கரையில் அரசாங்க மானிய விலை. அக்கரை வேறு நாடு, இரட்டிப்பு கொடுப்பார்கள்.* அங்கே துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பது அடிக்கடி மாறும். போன வாரமும் மாறியது. அவன் போகக் கூடாதே என்று மனைவி எதெல்வினாவுக்குக் கவலை. கதை அவ்வளவுதான்.

(*எங்கள் மண்ணுக்கடியிலிருந்து எண்ணெயோடு வரும் வாயு, உயரமான குழாய் முனையில் கொழுந்துவிட்டு வானத்தில் வீணாக எரிகிறது. பூச்சிகள் அதில் வந்து விழுகின்றன. எங்கள் அடுப்புக்கு வாயு லாரியில் வருகிறது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.)

3

எங்கள் பக்கத்து வீடுகளில் விடிவதற்கு முன்னால் எழுந்து குவாயூசா இலையைத் தேநீர் போலக் கொதிக்கவைத்து, ஒரே சுரைக்குடுவையில் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். குடிக்கும்போது கனவைச் சொல்வார்கள். கெட்ட கனவென்றால் அன்றைக்கு யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள்.

எதெல்வினாவுக்கு அன்று கனவே வரவில்லை. இருந்தும் குடுவையை வாங்கினாள்.

"ஆறு கருப்பா ஓடுச்சு," என்றாள். "நீ அதுல கழுத்து வரைக்கும் நின்ன."

ருஃபினோவின் முகம் செத்துப்போயிற்று. இத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"ஆனா சிரிச்சுக்கிட்டுதான் இருந்த," என்று சேர்த்துக்கொண்டாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் குளோதில்தே தொடையில் தட்டினாள். கனவுக்குப் பலன் சொல்வது அவள் வேலை. படகும் அவளுடையதுதான்.

"அடியே, கருப்புன்னா என்ன? எண்ணெய்! எண்ணெய் கழுத்து வரைக்கும், சிரிப்பு வேற! டேய் தம்பி, எழுந்திரு. இப்படி ஒரு கனவு கெடைக்க நான் எத்தனை வருசமாத் தூங்கறேன்!"

"நீ தூங்கறது கனவுக்கா அக்கா? குறட்டைக்குல்ல?"

"போடா. பொண்டாட்டி உனக்காகக் கனவெல்லாம் காணுறா. எனக்கு வாய்ச்சவன் கனவுல கூட வந்ததில்ல."

"அண்ணி, அது வந்து... தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்துச்சு," என்றாள் எதெல்வினா.

"எண்ணெய் எங்கடி ஜில்லுனு இருக்கும்? நீ தூக்கத்துல போர்வைய உதறியிருப்ப."

பொய் என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் அந்த வீட்டில் இனி அவள் கனவுக்கு ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள். என்றைக்காவது நிஜமாகவே ஒன்று வந்தால்?

ருஃபினோ எழுந்தான். நீலச் சட்டையை அவள் முந்தின நாளே நனைத்து வைத்திருந்தாள், அதைச் சாக்கிட்டாவது அவன் நிற்கட்டும் என்று.

"காயட்டும்," என்று குழாய்மேல் விரித்தான். "வந்து போட்டுக்கறேன்."

4

முதல் முடிவு: எதெல்வினா சேற்றில் ஓடுகிறாள், "நான் கனவே காணலை!" என்று கத்துகிறாள், அவன் படகிலிருந்து இறங்கி வருகிறான். எழுதினேன். அவளை அவ்வளவு வேகமாக ஓடவைக்க என்னால் முடியவில்லை. சேறு அப்படி.

இரண்டாவது: படகு நடு ஆற்றுக்கு வந்தபோது அக்கரை மரங்களுக்குள்ளிருந்து

இல்லை, மாட்டேன்.

காணாத கனவை அவள் சொன்னாள். நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்? இவ்வளவு எழுதியும் கண்ணை மூடினால் ஆறு கருப்பாகத்தான் ஓடுகிறது. அதன் மேல் உருளைகள் வெள்ளைப் பறவைகளைப் போல மெல்ல மிதந்து போகின்றன. அவன் முகம் மட்டும் தெரிவதில்லை.

அவன் இன்னும் கரையில்தான் நிற்கிறான், ஒரு கால் படகில். விடியவில்லை. குடுவை சுற்றி வந்து உங்களிடம் நிற்கிறது. குடித்துவிட்டுச் சொல்லுங்கள், நீங்கள் என்ன கனவு கண்டீர்கள்? அதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் இன்னொரு காலையும் எடுத்து வைப்பான்.

எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவன் சிரித்தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.