கறிவேப்பிலைக்கு என்று சொன்ன மண்

ஜெயபிரகாஷுக்குப் பொய் சொல்ல வராது. வராத மனிதர் வாயை மூடிக்கொண்டாவது இருக்கலாம், அதுவும் வராது. லிவர்மோர் வீட்டுக் கொல்லையில் இடுப்புயரம் நின்ற மண் குவியல், மே மாதம் பாதி போவதற்குள் முழங்காலுக்கு இறங்கியதற்கு அதுதான் காரணம் என்பது அவர் மனைவி வசந்தாமணியின் கட்சி.

அவள் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, சமையலறை ஜன்னலோரம் சாய்வு சோபாவில் படுத்தபடி, வாளி வாளியாக மண் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த வயிற்றில் எரிவதற்கு வேறு எதுவும் தங்கியதில்லை.

பிப்ரவரியில் கீமோ ஆரம்பித்தது. அடுத்த ஜனவரி வரை போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் ஊசியிலிருந்தே சாப்பாடு என்றால் குமட்டல். பக்கத்து வீட்டு டேல், போன வருஷம் இதே நோயில் மனைவியைப் பறிகொடுத்தவர், ஒரு நாள் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைத் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே காய்ந்த இலை, அவர் மனைவிக்கு என்று வைத்திருந்ததில் மிச்சம். அன்று சாயங்காலம் வசந்தாமணிக்கு இரண்டு இட்லி இறங்கியது. இறங்கியது இறங்கியபடியே இருந்தது. ஜெயபிரகாஷ் வாஷ்பேசின் பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

ஏப்ரலில் டப்பா காலி. கடிதம் கொடுக்க டாக்டர் தயாராக இருந்தார். நோயாளி அந்தச் செடியை வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளலாம் என்று கலிஃபோர்னியாவில் ஓட்டுப் போட்டுச் சட்டமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. டேல் தம் ஜன்னலோரத்தில் காகிதக் கப்பில் இரண்டு கன்றுகளை முளைக்க வைத்தார். நல்ல மண்ணில், ஜூன் பிறப்பதற்குள் வைத்துவிட்டால் அக்டோபரில் எட்டடி நிற்கும், இந்த வீட்டுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும் என்றார். தாமதித்தால் செடி குட்டையாகவே பூத்துவிடும், அவ்வளவுதான் கிடைக்கும் என்றும் சொல்லிவைத்தார்.

அந்தச் செடிக்கு ஒரு பெயர் உண்டு. ஜெயபிரகாஷ் அதைச் சொல்லவே மாட்டார். ஊரில் போலீஸ் செய்தியில் மட்டும் கேட்ட சொல் அது. வீட்டில் அதற்கு மருந்து என்று பெயர்.

லிவர்மோர் மண்ணோ களிமண். மழையில் ஒட்டும், வெயிலில் பிளக்கும். அதனால் கொல்லை மூலையில் குளிப்பாட்டும் தொட்டி அளவுக்குக் குழி எடுத்து, அதை நிரப்ப மண் கலக்க வேண்டும். ஜெயபிரகாஷ் மில்பிடாஸில் சர்க்யூட் போர்டு சோதிக்கிறவர். மலை தாண்டி ட்ராஃபிக்கில் ஊர்ந்து வந்ததும், ஷூவைக்கூடக் கழற்றாமல் குவியலிடம் போய்விடுவார். இலைமக்கு, குதிரைப் பண்ணையிலிருந்து எரு, மண்புழு உரம், குதிரைமசால் தூள், எலும்புத் தூள், ரத்தத் தூள். கொட்டுவார், புரட்டுவார், தண்ணீர் தெளிப்பார், நீலத் தார்ப்பாயால் மூடுவார். பிறகு பி.ஹெச். பார்ப்பார். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் பார்க்காத அன்றுகூட மண்ணுக்குப் பி.ஹெச். பார்த்தார்.

புது எரு சேர்ந்த மண் சூடேறும். சில வாரம் அப்படியே விட வேண்டும். சூடு தணியுமுன் கன்றை வைத்தால் வேர் வெந்துபோகும். விட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். அதைத்தான் கலாவதி விடவில்லை.

கலாவதி கோயில் மடப்பள்ளியில் சனி ஞாயிறு சமையலை மேற்பார்வை பார்க்கிறவர். அறுபது வயது. யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதல் டிபன் கேரியர் அவருடையதுதான். ஏப்ரல் கடைசியில் சாம்பாரோடு வந்தவர், கொல்லையைப் பார்த்து, "இவ்ளோ மண்ணு எதுக்குப்பா?" என்று கேட்டார். சும்மா கேட்டதுதான். தோட்டத்துக்கு என்று சொல்லியிருந்தால் போயிருப்பார்.

"கறிவேப்பிலை வைக்கலாம்னுக்கா" என்றார் ஜெயபிரகாஷ். "இந்த மிக்ஸ்ல வெச்சா எட்டடி வருமாம்."

இந்த ஊர்த் தமிழர்களிடம் தங்கம் வந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு ஆபத்தில்லை. கடையில் கறிவேப்பிலை வரும், வராது. வந்தால் கருத்துப்போய் வரும். குளிர்காலப் பனியில் தொட்டிச் செடியைக் காப்பாற்ற அதை ராத்திரி வீட்டுக்குள் தூக்கி, காலையில் வெளியே வைத்து, பிள்ளைக்கு மேல் பார்த்துக்கொள்ளும் வீடுகள் இங்கே உண்டு. எட்டடிக் கறிவேப்பிலை என்ற செய்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடப்பள்ளியில் புளியோதரையோடு சேர்ந்து பரிமாறப்பட்டது.

அப்புறம் வசந்தாமணியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு கையில் கேரியரும் மறு கையில் வாளியுமாக வந்தார்கள். "எப்டிம்மா இருக்கே" என்பார்கள். அவள் பதில் சொல்வதற்குள் கண் கொல்லைப் பக்கம் போய்விடும். "கொஞ்சூண்டு மண்ணு எடுத்துக்கட்டா?" உடம்பு முடியாத வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவரிடம், போயும் போயும் மண்ணை எப்படி இல்லை என்பது? ஜெயபிரகாஷ் அவரே அள்ளிக் கொடுத்து, கார் டிக்கியில் பேப்பர் விரித்து ஏற்றியும் விட்டார்.

அவர்கள் போனதும் வசந்தாமணி கேரியரைத் திறக்காமலே அப்பால் எடுத்துப் போகச் சொல்வாள். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த வாசனைதான் அவளுக்கு இப்போது எமன். கேரியர் திறந்தால் பாத்ரூமுக்கு ஓட வேண்டும். ஜெயபிரகாஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் குப்பைப் பையில் கொட்டி, கேரியரைத் தேய்த்து வைப்பார். "ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்று போனில் சொல்வதும் அவர்தான்.

மண் குறைந்ததும் அவர் புது எரு வாங்கிவந்து கலப்பார். குவியல் மறுபடி சூடேறும். கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் டூ வீக்ஸ் ஆகும் வசந்தா" என்பார். அடுத்த வாரம் இன்னொரு வாளி வரும். கப்பிலிருந்த கன்றுகள் வேர் சுருண்டு மஞ்சளடிக்கத் தொடங்கின. டேல் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"ஏனுங்க, ஒருத்தருகிட்டயாச்சும் நோ சொன்னா வாய் வெந்து போயிடுமா?"

"சொன்னா ஏன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

"தெரிஞ்சா கோயில் பக்கம் தலை காட்ட முடியுமா, சொல்லு."

அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த மனிதர் தன்மேல் உயிரை வைத்திருக்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த உயிரை அவர் கொஞ்சம் முதுகெலும்பிலும் வைத்திருக்கலாம்.

மே கடைசி சனிக்கிழமை கலாவதி வேன் எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே கோயில் இளைஞர்கள் சிலர், மண்வெட்டி, அடுக்கடுக்காகப் பெயின்ட் வாளிகள். ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் உள்ளே கேட்டது.

"மடப்பள்ளிக்குப் பின்னாடி கறிவேப்பிலைத் தோட்டம் போடப்போறோம்பா. கமிட்டில ஓகே பண்ணிட்டாங்க. சாமி காரியம், மொத்தமா எடுத்துக்கறோம். நீ இன்னொரு லோடு கலந்துக்க மாட்டியா?"

வசந்தாமணி எழுந்து உட்கார்ந்தாள். இப்போதாவது சொல்வார் என்று பார்த்தாள்.

ஜெயபிரகாஷ் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து மூடினார். "அக்கா, அதுல எலும்புத் தூள் இருக்கு. மாட்டு எலும்பு. ரத்தமும் இருக்கு. கோயிலுக்கு வேண்டாம்க்கா."

கலாவதி ஒரு கணம் யோசித்தார். ஏற்கெனவே அவர் வீட்டுத் தொட்டியில் அதே மண்தான் இருந்தது, செடியும் கொழுந்து விட்டிருந்தது. "மக்கிப் போச்சுல்ல. பரவால்ல, புண்யாகவாசனம் பண்ணித் தீட்டைக் கழிச்சுக்கலாம்" என்றார்.

"அப்ப சரி, எடுத்துக்குங்க" என்றார் ஜெயபிரகாஷ்.

வசந்தாமணி பின்வாசல் நிலையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கொல்லைக்கு வந்தாள். நைட்டியோடு, காலில் செருப்பில்லாமல். ஒரு பையன் தார்ப்பாயை விலக்கியிருந்தான். அவள் யாரையும் பார்க்காமல் நேரே போய்க் குவியலின் மேல் உட்கார்ந்தாள்.

"வசந்தா, எழுந்திரு, அழுக்கு" என்று ஓடிவந்தார் ஜெயபிரகாஷ்.

"நீங்க பேசாம இருங்க. இத்தனை நாள் பேசினது போதும்." அவள் கலாவதியைப் பார்த்தாள். "இது கறிவேப்பிலைக்கு இல்லீங்கக்கா. கஞ்சாச் செடிக்கு. எனக்குத்தான். டாக்டர் லெட்டர் குடுத்திருக்காரு. அது இருந்தாத்தான் எனக்குச் சோறு இறங்குது."

கோயில் பையன்கள் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயபிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டார். கலாவதியின் முகம் மாறியது, ஆனால் வசந்தாமணி எதிர்பார்த்த மாதிரி மாறவில்லை.

"சோறு இறங்கலியா?" என்றார். "அப்ப நான் கொண்டாந்ததெல்லாம்?"

"கொட்டிட்டோம்ங்கக்கா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். தாளிச்ச வாசனை பட்டாலே வாந்தி வருது. கறிவேப்பிலைன்னு பேரைக் கேட்டாக்கூட வருது. உங்க மனசு நோகும்னு இவரு நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரு."

கலாவதி பையன்களிடம் திரும்பி, "வேன்ல போய் இருங்கப்பா" என்றார். அவரும் போய்விடுவார் என்று வசந்தாமணி நினைத்தாள். நாளைக்குள் மலைக்கு அந்தப் பக்கம் ஃப்ரீமான்ட் வரை செய்தி போய்விடும். போகட்டும். உட்கார்ந்த இடத்தில் கையை மண்ணுக்குள் மணிக்கட்டு வரை விட்டாள். சுடவில்லை. ஆற்றங்கரை மண் மாதிரி ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது.

"ஏனுங்க, மண்ணு ஆறிடுச்சு. போய் டேல்கிட்ட அந்தக் கன்னு ரெண்டையும் வாங்கிட்டு வாங்க."

ஜெயபிரகாஷ் மண்ணில் கையை விட்டுப் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் நடந்தார்.

கலாவதி போகவில்லை. பெயின்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா தாளிக்காம கொண்டாந்திருப்பேனே. ரெண்டு பேரும் படிச்சவங்கதானே, இது தோணலியா?" கோபத்தில் அவர் குரல் உடைந்தது. "அந்தச் செடி எப்போ ரெடியாகும்?"

"அக்டோபர்லங்கக்கா."

"அக்டோபர் வரைக்கும் என்ன சாப்பிடுவே?"

குழி, எரு, பி.ஹெச்., ஊர் என்ன சொல்லும் என்று இந்த வீட்டில் எல்லாம் பேசியாகிவிட்டது. இதை அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் ஜெயபிரகாஷைக் கேட்டதில்லை.

"வாசனை இல்லாம எது இறங்கும்னு யோசிச்சுச் சொல்லு, வசந்தா. அவசரமில்ல."

அவள் கையில் ஒட்டிய மண்ணை விரல் விரலாக உதிர்த்தாள்.

"கஞ்சிங்கக்கா" என்றாள். "உப்பு மட்டும் போட்டு. நல்லா ஆறிப்போனது."