இடது முழங்கால்

அக்கா வார்த்தெடுக்கும் சிலிகான் பொம்மைகளைச் சின்னவள் கழுவலாம், உடுத்தலாம், பெட்டியில் வைக்கலாம். வண்ணம் மட்டும் தீட்டக் கூடாது. "உன் கைக்குப் பொறுமை போதாதுடி" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்புதான் சின்னவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அன்று ஒரு குழந்தைப் பொம்மையை வாங்க ஆள் வரவிருந்தார். முகம் முடிந்திருந்தது, முழங்கால்கள் மட்டும் வெளிறிக் கிடந்தன. சிலிகானுக்கான சாயம் தீர்ந்துபோக, அக்கா கடைக்குக் கிளம்பினாள். செருப்புச் சத்தம் படியிறங்கியதுமே சின்னவள், அக்கா மகளின் ஆயில் பேஸ்டல் வண்ணக்குச்சிப் பெட்டியைத் திறந்துவிட்டாள். ஒருமுறை சரியாக வந்துவிட்டால் போதும், இந்த மேசையில் தனக்கும் ஓர் இடம்.

வீணான சிலிகான் துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. முதலில் அதில் தேய்த்துப் பார்த்திருக்கலாம். அவ்வளவு பொறுத்திருந்தால் அவள் சின்னவளே அல்ல.

இளஞ்சிவப்புக் குச்சி இடது முழங்காலில் வழுக்கியது. அழுத்தினாள். திட்டுத்திட்டாக அப்பிக்கொண்டது. விரலால் பரப்பினால் விரலோடு வந்தது. சாயம் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தாள். மேலிருந்த பிசுக்கு போயிற்று. உள்ளே இறங்கியது இறங்கியதுதான். மறுபடி வார்க்க நாளாகும். அக்கா இனிப் பொம்மையைக் கழுவக்கூட விடமாட்டாள்.

படியில் செருப்புச் சத்தம். அவசரமாகப் பொம்மைக்குக் காலுறை மாட்டினாள். அது முழங்கால்வரை ஏறவில்லை.

"என்னடி, மூக்கெல்லாம் சிவப்பா அப்பியிருக்கு?" என்றபடி உள்ளே வந்த அக்கா பொம்மையைப் பார்த்தாள். பையைக் கீழே வைக்காமலே அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். நகத்தால் சுரண்டினாள். வரவில்லை.

"எதை வச்சுடி போட்ட?"

"பாப்பாவோட ஆயில் பேஸ்டல். போட்டதைத் துடைச்சேன்க்கா... துடைச்சும் போகாம நின்னது இது."

அக்கா பொம்மையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். தவழ்ந்து தவழ்ந்து சிவந்த முழங்கால் அது. சின்னவளும் அப்போதுதான் அதைக் கண்டாள். அதுவரை கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காலையும் இதே மாதிரி பண்ணு. நான் பார்க்கறேன்."

"வரலன்னா?"

"ஒத்தக் கால்ல தவழ்ற குழந்தைன்னு வர்றவர்கிட்ட நீயே சொல்லிக்கோ."

சின்னவள் குச்சியை எடுத்தாள். தவறிச் செய்தது கைக்கு நினைவில் இல்லை. டப்பாவிலிருந்து ஒரு வீண் துண்டை எடுத்து, முதலில் அதில் தேய்த்தாள். அக்காவின் நாற்காலி கிறீச்சிட்டு அருகே நகர்ந்தது. அழைப்புமணி அடித்தது. இருவரும் நிமிரவில்லை.