தலைவரின் முகப்புப் பக்கம்

"புடுங்கடா வயரை!"

கத்திக்கொண்டே கனகசபாபதி சேர்வர் கணினியின் பிளக்கை நோக்கிப் பாய்ந்தார். சாரங்கன் குறுக்கே விழுந்து மறித்தான்.

"அங்கிள், பொறுங்கோ! எல்லாற்ற பக்கமும் செத்துப்போகும்."

"சாகட்டும்! என்ர வீட்டுக் கதையை ஆரோ ஒட்டுக்கேட்டு ஊருக்குச் சொல்லுறான். அந்தக் கள்ளன் இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கிறான்."

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து நிற்கும் அடுக்குமாடியின் தண்ணீர் மோட்டார் அறை அது. லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்கு. அதைத் திருத்தாமல் வீட்டுக்கு வீடு சொந்த இணையப் பக்கம் என்று சேர்வர் வைத்தவர், சங்கத் தலைவர் கனகசபாபதி. அதைப் பொருத்திக் கொடுத்தவன் ஏழாம் மாடிச் சாரங்கன். கூலி, ஒரு உளுந்து வடை.

அன்று ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் தலைவர் தேர்தல். எதிர்த்து நிற்பவர் மூன்றாம் மாடி பௌஸி.

தலைவரின் கதியோ பரிதாபம். பக்கத்து வீட்டுத் தனுஷியாவின் பாட்டைப் பூனைச் சண்டை என்றார், அதுவும் அறையைப் பூட்டிக்கொண்டு. மறுநாள் அவள் படியில் நின்று "மியாவ்" என்றாள். ஃபேனைக் கழற்றி மைக் தேடினார். மனைவி அன்னபாக்கியத்தின் காதுத் தோட்டையும் கழற்றிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"பௌஸியின்ர வேலைதான். பெட்டியை மேல கொண்டுபோய்ச் சனத்துக்கு முன்னால உடைச்சுக் காட்டுறன்."

"உடைச்சா உங்கட பக்கமும் போயிடும், அங்கிள். ஆக்கள் கூடப் பாக்கிறதே அதைத்தான்."

தலைவரின் கை பிளக்கிலிருந்து விலகியது. நெஞ்சு நிமிர்ந்தது.

"மெய்யே? மாலை போட்ட படமெல்லாம் வருதோ?"

"போனில இருக்கிறது முழுக்கத் தானா வரோணும் எண்டு நீங்கதானே ஒற்றைக் காலில நிண்டனீங்கள்."

"பின்ன? ஒவ்வொண்டாத் தூக்கிப்போட நான் என்ன பியூனே?"

கதவில் பௌஸியின் தலை தெரிந்தது.

"தலைவரே, ஒங்கட பக்கத்தக் கேக்காம எங்கட ஊட்ல யாரும் தூங்குறல்ல!"

சிரித்துவிட்டு அவர் படியேறினார்.

"கேக்கிறதோ?" கனகசபாபதி விழித்தார். "படத்தை ஆரடா கேக்கிறது?"

சாரங்கன் தன் போனில் தலைவரின் பக்கத்தைத் திறந்தான். மாலை, பொன்னாடை, மறுபடியும் மாலை. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு கீழே போய் ஓரிடத்தில் அழுத்தினான்.

"மச்சான், தனுஷியா பாடுறாளாம். ரெண்டு பூனை சண்டை பிடிச்ச மாதிரி..."

கனகசபாபதியின் சொந்தக் குரல். டொரோண்டோ மச்சானுக்கு அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அத்தனையும் மாலைப் படங்களோடு சேர்ந்து வந்து, யாரும் கேட்கலாம் என்று திறந்து கிடந்தன.

மொட்டை மாடியில் கூட்டத்துக்குக் கதிரை இழுத்துப்போடும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"இது... எப்ப தொடக்கம்?"

"முதல் நாளே, அங்கிள்."

"நீ அப்பவே கண்டனியோ?"

"ஓம்."

"கண்டும் ஏனடா சொல்லேல்ல?"

சாரங்கன் பக்கத்தின் அடிக்கே போய், முதல் நாள் வந்த முதல் குரலை அழுத்தினான்.

"மச்சான், இஞ்ச சாரங்கன் எண்டு ஒரு விசரன் இருக்கிறான். ஒரு வடையைக் காட்டினாக் காணும், ஏழு மாடியும் ஓடி இறங்கி வருவான்."