மேனேஜர் விழுங்கிய காது மிஷின்

எனக்கும் நாய்களுக்கும் ஆகாது. அதிலும் அக்கா வீட்டு நாய்க்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவர் அத்தான். வீட்டுக்குள் யார் வந்தாலும் எழுந்து வந்து மேலும் கீழும் பார்க்கும், ஒரு பெருமூச்சு விடும், திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். வேறு வேலை எதுவும் செய்யாது. பெயரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அத்தான் இறந்த பிறகு அக்காவைத் தனியாக விட மனம் வராமல் பெட்டி படுக்கையோடு இங்கே வந்து சேர்ந்தேன். அவர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். சம்மட்டிச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. காது மிஷின் கடையில் வேலை பார்க்கிற மச்சினி இருக்கும்போது அவர் வேறு எங்கே போவார்? அவர் காதுக்குள் பசையை விட்டு அச்சு எடுத்தவளே நான்தான். காதுக்குள் அடங்கிவிடுகிற சின்ன மிஷின். பட்டறையில் அதை மாட்டமாட்டார். சட்டைப் பையில் வைத்திருந்து, சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்ததும் எடுத்துச் செருகுவார். செருகும்போது கை காதை மூடுவதால் அது ஒரு தடவை 'கூய்ய்ய்' என்று கத்தும். மேனேஜர் அப்போது மட்டும் பதவியை மறந்துவிட்டு, எந்த மூலையில் இருந்தாலும் பாய்ந்து வாசலுக்கு ஓடும்.

அவர் இறந்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்து பின்பக்கக் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருப்பேன். அக்கா சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருப்பாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அத்தானின் அறை. அங்கே அலமாரித் தட்டில் மிஷின் தன் டப்பாவுக்குள் இருந்தது. அந்த அறையிலிருந்து 'கூய்ய்ய்' என்று கேட்கும். நான் பயப்படவில்லை. பேட்டரி போட்ட மிஷினை டப்பாவில் வைத்து மூடினால் அது கத்தத்தான் செய்யும். கடையில் நாள் முழுக்க நான் கேட்கிற சத்தம். அக்காதான் டீயை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு எட்டு போய் பேட்டரியைப் போட்டுக் கத்தவிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். புருஷன் வாசலில் வந்து நிற்பதுபோல ஒரு நிமிஷம் இருக்குமே, அதற்காக. வாயாடி என்று பெயர் எடுத்த எனக்கே அதைப் பற்றி அவளிடம் கேட்க வாய் வரவில்லை.

ஆனால் எரிச்சல் வரும். ஏனென்றால் சத்தம் கேட்டதும் அந்த முட்டாள் நாய் வாசலுக்கு ஓடும். கம்பிக் கதவில் மூக்கை வைத்து வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும். தெருவிளக்கு எரிந்த பிறகு வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வரும். மறுநாளும் ஓடும். உன்னையே ஏமாற்றிக்கொள்வது போதாதென்று வாயில்லா ஜீவனையும் ஏன் ஏமாற்றுகிறாய் என்று மனசுக்குள் அக்காவைத் திட்டிக்கொண்டே டீ குடிப்பேன்.

கடைக்கு விடுமுறையான ஒரு நாள் காலை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் அறையைத் தூசி தட்டப் போன அக்கா அலறிக்கொண்டே நாயோடு கூடத்துக்கு ஓடிவந்தாள்.

"டப்பாவத் திறந்து கையில வெச்சிருந்தேன்டி. பக்கத்துல வந்து மோந்தான். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முழுங்கிட்டான்!"

மேனேஜர் நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. இதுவும் எனக்குப் புதிதில்லை. காது மிஷினில் மனிதக் காதின் வாசனை இருக்கும். நாய்களுக்கு அது பிடிக்கும். கடித்துக் குதறிய மிஷினைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு அசடு வழியக் கடைக்கு வருகிறவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். முழுசாக உள்ளே தள்ளிய நாயை இப்போதுதான் பார்க்கிறேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு டெய்லர் ஊசி குத்திய சட்டையோடு ஓடிவந்தார். "உப்பக் கரைச்சு வாயில ஊத்துங்கம்மா. எல்லாம் வெளிய வந்துரும்" என்றார். அக்கா சமையலறைக்கு ஓடி உப்பு டப்பாவை எடுத்துவிட்டாள். நான் அதைப் பிடுங்கினேன்.

"வாந்தி எடுக்க வெச்சுடாதக்கா. உள்ள பேட்டரி இருக்கு."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உள்ள பேட்டரி இருக்கா?"

"இருக்காம?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொத்தான் மாதிரி இருக்கிற அந்தப் பேட்டரி லேசுப்பட்டதில்லை. ஈரமான சதையில் ஒட்டிக்கொண்டால் கொஞ்ச நேரத்திலேயே புண்ணாக்கி ஓட்டை போட்டுவிடும். குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லித்தான் நான் பேட்டரி அட்டையைக் கொடுப்பேன். கால்நடை டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"வாந்தி வேண்டாம். மேல வரும்போது தொண்டையில மாட்டிக்கும். உப்புத் தண்ணி கூடவே கூடாது, அதுவே விஷமாயிடும். சாப்பாடும் குடுக்காதீங்க. பேட்டரி வந்த அட்டை இருந்தா எடுத்துட்டு இப்பவே கிளம்பி வாங்க."

டெய்லரே தன் பழைய காரை எடுத்தார். கூடத்து அலமாரியின் மேல்தட்டில் இருந்த பேட்டரி அட்டையை நான் எடுத்துக்கொண்டேன். பின்சீட்டில் அக்கா நாயை மடியில் போட்டுக்கொண்டு அதன் காதைத் தடவிக்கொண்டே வந்தாள். "இவனும் போயிட்டா நான் யாருக்காகடி வாசக் கதவத் திறப்பேன்?" என்றாள். நான் இருக்கிறேனே என்று சொல்ல வந்தவள், தொங்கிய நாயின் வாலை எடுத்து என் மடிமேல் போட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா நாயின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"இதயம் சரியில்ல. வயசாயிடுச்சு. மயக்கம் குடுத்தா திரும்ப முழிக்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. ஆனா பேட்டரி உள்ள இருந்தா எடுத்துத்தான் ஆகணும், வேற வழியில்ல. முதல்ல படம் எடுத்துப் பாத்துடுவோம்." பிறகு அட்டைக்காகக் கை நீட்டினார். வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒன்னுகூட எடுக்கலையே?"

நானும் அப்போதுதான் கவனித்தேன். இந்தப் பேட்டரிகளின் முதுகில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்துக் காற்றுப் பட்டால்தான் உயிர் வரும். அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் நான் கொடுத்த அட்டை. எல்லா ஸ்டிக்கரும் அப்படியே இருந்தன.

"அக்கா வேற அட்டை வெச்சிருப்பா" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாயை உள்ளே கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா படத்தைத் திரையில் போட்டபோது சிரித்துக்கொண்டிருந்தார். "இதோ இருக்கு பாருங்க, வயித்துல. சின்னச் சின்னக் கம்பி தெரியுதா? பேட்டரி இருந்தா வட்டமா, பளீர்னு தெரிஞ்சிருக்கும். தனியா எங்கயாவது கழண்டு கிடக்கான்னு கழுத்துலேருந்து வால் வரைக்கும் தேடிட்டேன். எங்கயும் இல்ல. உங்க மிஷின் காலி. ஓரமெல்லாம் வழவழன்னு இருக்கறதால தானே வெளிய வந்துடும். வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாம படுத்துட்டாலோ, வயிறு உப்பினாலோ உடனே கொண்டாங்க."

டெய்லர் கைதட்டினார். அக்கா அழுதாள். நான் மட்டும் மேஜையில் கிடந்த அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பக்கா எடுத்த பேட்டரிய?"

"அவர் செத்த அன்னைக்கே எடுத்துட்டேனே. உபயோகப்படுத்தாதப்போ எடுத்து வெச்சுடணும், இல்லேன்னா கசிஞ்சு மிஷின் கெட்டுப்போகும்னு நீதானே சொல்லுவ."

"அப்போ தினம் சாயங்காலம் கேக்குதே, அது?"

அக்கா கண்ணைத் துடைப்பதை நிறுத்தினாள். "நீதானேடி போடற? கடையிலேருந்து பேட்டரி கொண்டாந்து போட்டு, எனக்காக... நீ உள்ள போனதும்தானே சத்தம் வரும்? கேட்டா நிறுத்திடுவியோன்னுதான் நான் கேக்கவே இல்ல."

"நான் முகம் கழுவத்தான்க்கா போவேன். அந்த ரூமுக்குள்ள நான் போனதே இல்ல."

டெய்லர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பி நிறுத்துவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

பேட்டரி இல்லாத மிஷின் கத்தாது. மற்ற விஷயங்களில் நான் அரைகுறையாக இருக்கலாம். இந்த ஒன்றில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அது வெறும் பிளாஸ்டிக். கத்தவே கத்தாது. ஆனால் நான் கேட்டேன். அவள் கேட்டாள். நாயும் கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் நான் முகம் கழுவப் போகவில்லை. அக்கா டீ போடவில்லை. கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, திறந்திருந்த அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எந்தச் சத்தமும் வரவில்லை. மேனேஜர் எழுந்து அறை வாசல்வரை போய் நின்றது. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டது. திரும்பி வந்து அக்காவின் காலடியில் படுத்துக்கொண்டது.

அந்த வாரத்திலேயே மிஷின் வெளியே வந்துவிட்டது. அதை அலசிச் சுத்தம் செய்கிற பாக்கியம் எனக்குத்தான். பேட்டரி வைக்கிற குழி காலியாகவே இருந்தது. ஓடு மங்கிப்போய், கம்பிகள் அரித்துப்போய், இனி ஒன்றுக்கும் ஆகாது. அக்கா அதை வாங்கித் துணியால் துடைத்துப் பழைய டப்பாவில் வைத்து மூடினாள். சாயங்காலம் இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி எழுந்து, நான் முகம் கழுவப் போனேன், அவள் டீ போடப் போனாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

மேனேஜர் சாப்பாட்டை நிறுத்தியது அப்போதுதான். மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றில் எதுவும் இல்லை, அடைப்பு இல்லை, காய்ச்சல் இல்லை என்றார். "வீட்டுல ஏதாவது மாறியிருக்கா? சில நாய்ங்க அப்படித்தான் ஏங்கிப்போயிடும். இப்படியே பட்டினி கிடந்தா இந்த இதயம் தாங்காது" என்றார். என்ன மாறியிருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நாளாக ஆக அதன் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. அக்காவும் அதன் தட்டைப் பார்த்துவிட்டுத் தன் தட்டைத் தள்ளிவைத்தாள். எனக்கு நாயைப் பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா, அது பொய். அதன் அருகில் உட்கார்ந்து 'தின்னு தொலையேன்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நான் செய்வதாக அக்கா நம்பியிருந்த காரியத்தை நிஜமாகவே செய்தேன். அத்தானின் காது அச்சு கடையில் இன்னும் இருந்தது. அதை வைத்து அதே ஓடு, அதே அளவு, அதே ரகத்தில் இன்னொரு மிஷின் செய்தேன். சத்தத்தை நிறைய வைத்தேன். கடையில் மூடிப் பார்த்தபோது அச்சு அசல் அதே 'கூய்ய்ய்'. சாயங்காலம் அக்காவுக்குத் தெரியாமல் அத்தான் அறைக்குள் முதல்முறையாகப் போனேன். ஸ்டிக்கரை உரித்துப் பேட்டரியைப் போட்டு, புது டப்பாவில் வைத்தேன். இந்தத் தடவை நாய்க்கு எட்டாதபடி அலமாரியின் உச்சியில் வைத்து மூடினேன். பேட்டரிக்கு முழுதாக உயிர் வருவதற்குள் பின்பக்கம் ஓடி, குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன்.

மிஷின் கத்தியது. சமையலறையில் டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தேன். அக்கா கரண்டியோடு ஓடிவந்து நின்றிருந்தாள். கண் இரண்டும் மின்னின. அவள் வாசலைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் எழுந்திருக்கவில்லை. காதைக்கூட அசைக்கவில்லை. மிஷின் கத்திக்கொண்டே இருந்தது. நாய் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டது.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதை நிறுத்துடி" என்றாள் மெதுவாக. "அது அவர் இல்ல."

நான் போய் பேட்டரியைக் கழற்றினேன். திரும்பி வந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வைத்திருந்தாள். சாவு வீட்டில்கூட அவள் வாயிலிருந்து வராத வார்த்தையை அதன் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவர் இனிமே வரமாட்டார்டா. வந்துட்டுத்தான் இருந்தார். இனிமே வரமாட்டார். நாம ரெண்டு பேரும் சாப்பிடணும்டா." சொல்லச் சொல்லத் தேம்பினாள். தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து நீட்டினாள். வெகுநேரம் நீட்டியபடியே இருந்தாள். அது அவள் விரலை நக்கியது. பிறகு அந்த ஒரு வாயைத் தின்றது.

இப்போது மேனேஜர் நன்றாகத்தான் சாப்பிடுகிறது. என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதையும் விடவில்லை. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் முகம் கழுவப் போகிறேன். குழாயைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன். சமையலறையிலும் அப்போது பாத்திரச் சத்தம் நின்றிருக்கும்.