எட்டாம் பாடம்

நான் வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன் என்று என் தங்கை தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. சம்பளம் மட்டும்தான் இல்லை.

"மூன்று வாரம் சோதனை வகுப்பு, திருப்தியாக இருந்தால் நிரந்தரம்" என்று ஒரு மொழிப் பயிற்சி நிலையம் அனுப்பிய கடிதத்தை நம்பி, பதினான்கு வருஷம் வேலை பார்த்த பள்ளியை விட்டுவிட்டுச் சொந்தச் செலவில் வந்து இறங்கியவள் நான். தங்கையும் இங்கிலீஷ் டீச்சர்தான். ஆனால் அவளுடையது நிரந்தர வேலை. அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை நடக்கும் டயாலிசிஸ் அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"உனக்கு அங்க நிரந்தரம் ஆகட்டும்க்கா. நானும் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன். அம்மாவச் சித்தி பாத்துப்பாங்க" என்று ஒவ்வொரு போனிலும் சொல்லுவாள். நானும் "பாக்கலாம்டி" என்பேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் காரணம் கேட்பாள்.

சலவைக் கடைக்கு மேலே ஒரு அறை. கட்டில் ஒன்று, ஆட்கள் இரண்டு. இரவு வேலைக்குப் போகும் நர்ஸ் ஒருத்தி பகலில் அதில் தூங்குவாள், நான் இரவில். அறையில் சமைக்கக் கூடாது என்று வீட்டுக்காரரின் கட்டளை. எங்கள் குக்கர் துணி அலமாரிக்குள் ஒளிந்திருந்தது. என் புடவைகளெல்லாம் சோற்று வாடை அடித்தன. அவற்றை உடுத்திக்கொண்டுதான் நான் நிலையத்தின் கண்ணாடி அறைகளுக்குப் போய் வெள்ளைப் பலகை முன்னால் நின்றேன்.

எனக்குக் கொடுத்த வகுப்பில் பன்னிரண்டு பேர். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். முதல் நாளே அசத்திவிட்டார்கள். பெயர், ஊர், தொழில், பிடித்த நிறம் என்று கேட்ட கேள்விக்கெல்லாம் தட்டுத் தடுமாறாமல் பதில். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் கைராசி கடல் தாண்டியும் வேலை செய்கிறதே என்று நினைத்தேன். கடை, வழி கேட்பது, டாக்டரிடம் பேசுவது என்று இரண்டே வாரத்தில் ஏழு பாடம் முடித்தேன். தங்கைக்குப் போன் போட்டு, "என் கிளாஸ் பறக்குதுடி" என்றேன்.

மூன்றாம் வாரம் எட்டாம் பாடம் தொடங்கினேன். நேற்று நடந்ததைச் சொல்லுவது. பன்னிரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். நேற்று என்ன சாப்பிட்டாய் என்ற கேள்விக்குக்கூடப் பதில் இல்லை. நான் எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தேன். கடைசியில், மருந்துக் கடையில் வேலை செய்யும் பெண் தயங்கித் தயங்கி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினாள். டீச்சர் மூன்று வாரத்துக்கு ஒருத்தர். புதிதாக வருகிறவர் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பார். எட்டாவது வருவதற்குள் போய்விடுவார். இந்த வருஷத்தில் நான் ஒன்பதாவது ஆள்.

சாக்பீஸ் பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். புது வகுப்பு என்றால் எல்லாரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள் என்போம். பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நிலையம் சம்பளமே கொடுக்காமல் வருஷம் முழுக்க வகுப்பு ஓட்டுவதற்கு அது போதும். என் கைராசி என்று பூரித்துப்போனது, எனக்கு முன்னால் ஏமாந்த எட்டுப் பேரின் உழைப்பு.

மேலாளரிடம் போய் விஷயம் தெரியும் என்றேன். அவர் கோபப்படவில்லை, நாற்காலியைக் காட்டினார். இத்தனை பேரில் கேட்டுத் தெரிந்துகொண்டவள் நான் ஒருத்திதானாம். அலுவலகத்தில் ஆள் தேவைப்படுகிறது, சம்பளம் உண்டு, விசாவும் போட்டுத் தருகிறேன் என்றார். என் ஊர்ப் பக்கத்திலிருந்து நிறைய விண்ணப்பம் வருகிறதாம். அவர்களுக்கு அவர்கள் பாஷையிலேயே போன் போட்டு, வரும் தேதியை முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். நான் தலையாட்டினேன். அன்று மாலை வீட்டுக்குப் போன் செய்து வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னபோது, அந்தப் பக்கம் தங்கை அழுதுவிட்டாள். என்ன வேலை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் பதினேழு பேரிடம் பேசினேன். "மூன்று வாரம்தான் சார், உங்க அனுபவத்துக்கு கண்டிப்பா நிரந்தரம் ஆயிடும்." பேசப் பேசக் கூச்சம் விட்டுப்போனது. பதினெட்டாவது காகிதத்தில் என் தங்கையின் போட்டோ இருந்தது.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். நிலையத்து நம்பரைப் பார்த்ததும், நேர்முகத் தேர்வுக்கு வந்தவள் மாதிரி சுத்தமான இங்கிலீஷில் வணக்கம் சொன்னாள்.

"நான்தான்டி."

"அக்கா? நீயா? உனக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லாம போட்டேன். கிடைச்சிடுச்சா?"

"வேலைய விட்டுட்டியா?"

"லெட்டர் கையில இருக்கு. சாயங்காலம் குடுக்கப்போறேன்."

"குடுக்காத. இங்க வேலையே கிடையாது. சும்மா பாடம் எடுக்க வச்சிட்டு மூணே வாரத்துல வெளிய அனுப்பிடுவாங்க. எனக்கும் அதுதான் நடந்துச்சு."

"அப்ப உனக்கு சம்பளம் எப்படி வருது?"

"பாடம் எடுக்கல. உன்ன மாதிரி ஆளுங்கள வரச் சொல்லி போன் பண்றேன்."



"கிளாஸ் பறக்குதுன்னு சொன்ன. வேலை கிடைச்சிடுச்சுன்னு சொன்ன. இப்ப நான் வர்றேன்னதும் அந்த இடமே சரியில்லையா?"

"சத்தியமாச் சொல்றேன்டி."

"நான் உன் காலேஜ்ல சேரப்போறேன்னப்பவும் இப்படித்தான் சத்தியம் பண்ண, அது சரியில்ல, சேராதன்னு."

போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னது நிஜம். அந்தக் கல்லூரியில் ஒரு குறையும் இல்லை. அவள் மார்க் என் மார்க்கைவிட அதிகம், பக்கத்தில் வந்து நின்றால் என்னை யார் பார்ப்பார்கள் என்ற பயம் எனக்கு. இருபது வருஷமாக அதை அவளிடம் ஒப்புக்கொண்டதில்லை.

மேலாளரிடம், இந்தப் பெண் வர மாட்டாளாம் என்று சொல்லிக் காகிதத்தைக் கிழித்தேன். பிறகு தங்கையை ஆறு தடவை கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை. ஏழாவது தடவை சித்தியைக் கூப்பிட்டேன்.

"எழுதிக் குடுத்துட்டு இப்பத்தான்டி வந்தா" என்றாள் சித்தி. "அந்த ஆபீசுக்கு அவளே போன் பண்ணி தேதியும் வாங்கிட்டா. அக்கா வேணாங்குற இடம் நல்ல இடமாத்தான் இருக்கும்னு சிரிக்கிறா. நீ அங்க இருக்கேங்கிற தைரியத்துலதான் நானும் தடுக்கல."